பெர்லினில் ஒரு செமஸ்டர்: முதல் மூன்று வாரத்தைச் சமாளிப்பது எப்படி

பெர்லினுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் போய் இறங்காதீர்கள். ஒரு வரிக்கு மேல் படிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு இதுவே போதும்.

நான் இறங்கியது 2023 மார்ச் 25, சனிக்கிழமை. ஓஹையோவில் கொலம்பஸிலிருந்து வெள்ளிக்கிழமை கிளம்பி, நடுவில் விமானம் மாறி, நொய்கெல்ன் பகுதியில் எனக்கு அறை கிடைத்திருந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது இரவு எட்டு மணி. கூடத் தங்கும் இரண்டு பேரும் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தார்கள். சாவியைக் கீழே இருந்த பெட்டிக்கடையில் கொடுத்து வைத்திருந்தார்கள். சாப்பாட்டை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன். மறுநாள் எழுந்தபோது கைக்கடிகாரம் பதினொன்று என்றது, போன் பன்னிரண்டு என்றது. அன்று அதிகாலையில்தான் ஐரோப்பா கோடைக்கால நேரத்துக்கு மாறியிருந்தது. சரி, போகட்டும் என்று பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினால் தெருவில் ஒரு கடை திறந்திருக்கவில்லை. ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்க வேண்டும் என்பது சட்டம். ஓஹையோவில் நள்ளிரவில் பால் வாங்கிப் பழகியவனுக்கு இது தலையில் ஏறவே நேரம் பிடித்தது.

சாவி கொடுத்த பெட்டிக்கடைதான் திறந்திருந்தது. இந்த மாதிரிக் கடைக்கு அங்கே ‘ஷ்பேட்டி’ என்று பேர். பீர், சிப்ஸ், சிகரெட், கொஞ்சம் சாக்லேட் கிடைக்கும். சோறு ஆக்க ஒன்றும் கிடைக்காது. அந்தக் கடைக்காரர்தான், “பெரிய ஸ்டேஷனுக்குப் போ, அங்கே திறந்திருக்கும்” என்றார். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஹவுப்ட்பான்ஹோஃப், ஃப்ரீட்ரிஷ்ட்ராஸ, ஓஸ்ட்பான்ஹோஃப் ஸ்டேஷன்களில் உள்ள சூப்பர் மார்க்கெட்டுகள் ஞாயிறும் திறந்திருக்கும். நான் கார்ல் மார்க்ஸ் ஸ்ட்ராஸவில் யூ7 சுரங்க ரயில் ஏறி, மேரிங்டாமில் யூ6க்கு மாறி, ஃப்ரீட்ரிஷ்ட்ராஸ போனேன். பாதி நகரம் அங்கேதான் வரிசையில் நின்றது. ஒரு ரொட்டி, ஒரு சீப்பு வாழைப்பழம், பால், அரிசி. கல்லாவில் இருந்த பெண் பொருட்களைத் தள்ளிய வேகத்தில் நான் ஒன்றைப் பையில் போடுவதற்குள் நாலு வந்து குவிந்தன. பை போட்டுக் கொடுக்க ஆள் கிடையாது. பையும் நாம்தான் கொண்டுபோக வேண்டும். பின்னால் நின்றவர் விட்ட பெருமூச்சு இன்னும் காதில் இருக்கிறது.

மறுநாள் திங்கள் நாடு தழுவிய போக்குவரத்து வேலைநிறுத்தம். எஸ்-பான் ரயில்கள் நின்றுவிட்டன. நகருக்குள் ஓடும் மஞ்சள் சுரங்க ரயிலான யூ-பான் மட்டும் ஓடியது. ஆக, வந்த முப்பத்தாறு மணி நேரத்தில் பெர்லினைப் பற்றி நான் முடிவு கட்டியிருந்தது: இந்த ஊரில் ஒன்றும் திறந்திருக்காது, ஒன்றும் ஓடாது, யாரும் சிரிக்க மாட்டார்கள்.

இப்போது இதை எழுதக் காரணம், அம்மாவின் தோழிகள் நாலைந்து பேர் தங்கள் பிள்ளைகளை இப்படி ஒரு செமஸ்டர் படிக்க அனுப்பலாமா என்று கேட்டதுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போனில் சொல்லி வாய் வலித்துவிட்டது. நான் கோவில்பட்டியில் பிறந்து பன்னிரண்டு வயதில் ஓஹையோ போனவன். ஒரு தடவை நாடு மாறியவனுக்கு இன்னொரு தடவை என்ன கஷ்டம் என்ற நினைப்பில் போனேன். முதல் தடவை காகிதம் எல்லாவற்றையும் அப்பா பார்த்துக்கொண்டார் என்பது அங்கே போன பிறகுதான் உறைத்தது.

கிளம்புவதற்கு முன்

முதலில் காலண்டரைப் பாருங்கள். ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் கோடை செமஸ்டர் ஏப்ரல் நடுவில் தொடங்கி ஜூலை நடுவிலோ கடைசியிலோ வகுப்பு முடியும். குளிர் செமஸ்டர் அக்டோபர் நடுவில் தொடங்கிப் பிப்ரவரி வரை இழுக்கும். இதனால் குளிர் செமஸ்டர் எடுத்தால் அமெரிக்காவில் ஜனவரியில் தொடங்கும் செமஸ்டரும் கையை விட்டுப் போகும். ஒரு செமஸ்டர் மட்டும் போகிறவர்களுக்குக் கோடைதான் தோது. ஆனால் தேர்வுகள் ஜூலை கடைசியிலோ அதற்குப் பிறகோ வரலாம். அந்த மாதத்தில் இன்டர்ன்ஷிப் ஏதும் ஒப்புக்கொள்ளாதீர்கள். நான் ஒப்புக்கொண்டுவிட்டுப் பிறகு மன்னிப்புக் கேட்டு மின்னஞ்சல் எழுதினேன்.

அடுத்தது பாஸ்போர்ட். நம் வீடுகளில் ஒரே குடும்பத்தில் ரெண்டு நிறப் பாஸ்போர்ட் இருக்கும் என்பதால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அமெரிக்கப் பாஸ்போர்ட் இருந்தால் விசா இல்லாமல் ஜெர்மனிக்குள் போய், தொண்ணூறு நாளுக்குள் அங்கேயே மாணவர் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். இந்தியப் பாஸ்போர்ட்டோடு கிரீன் கார்டோ, வேலை விசாக்காரர்களின் குடும்பத்துக்குத் தரும் எச்-4 விசாவோ வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. கிளம்பும் முன்பே ஜெர்மன் தூதரகத்தில் நீண்ட கால விசா வாங்கியாக வேண்டும். என்னோடு விண்ணப்பித்த தெலுங்குப் பையன் ஒருவன் “நாம எல்லாரும் அமெரிக்காவுலேர்ந்துதானே போறோம்” என்று இருந்துவிட்டான். விசா கைக்கு வந்து அவன் வந்து சேர்ந்தபோது வகுப்பு தொடங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது.

பணம். ஒரு வருடம் போகிறவர்கள் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்ட முடக்கக் கணக்கு ஒன்றில் மொத்தத் தொகையையும் போட்டு, மாதாமாதம் கொஞ்சம் எடுத்துக்கொள்வது வழக்கம். 2023இல் அந்தத் தொகை 11,208 யூரோ. அமெரிக்கக் குடிமக்களும் கிரீன் கார்டுக்காரர்களும் கவனிக்க வேண்டியது இது: வெளிநாட்டுக் கணக்குகளில் மொத்தம் 10,000 டாலருக்கு மேல் ஒரு நாள் இருந்தாலும் அமெரிக்க அரசுக்குத் தனி அறிக்கை போட வேண்டும். வரி எதுவும் கட்ட வேண்டியதில்லை, சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சொல்லாமல் விட்டால் அபராதம் பெரிது. இதே அமெரிக்கச் சட்டங்களின் தொல்லையால் சில ஜெர்மன் வங்கிகள் அமெரிக்கர்களைக் கண்டாலே ஒதுங்குகின்றன. நான் முதலில் போன வங்கியில் படிவம் முழுவதும் நிரப்பி, கடைசிப் பக்கத்தில் அமெரிக்க வரி எண்ணைக் கண்டதும் அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வங்கிக்குள் நுழைந்ததும் “அமெரிக்க வரிக்கு உட்பட்டவன், கணக்குத் திறப்பீர்களா?” என்று முதலில் கேட்டுவிடுங்கள், அரை நாள் மிச்சம்.

சமையல் சாமான். அம்மா ஆசையாக அனுப்பிய ரைஸ் குக்கர் 120 வோல்ட். அங்கே சுவரில் வருவது 230. பிளக்கின் முனையை மாற்றும் அடாப்டர் மின்சாரத்தை மாற்றாது என்பதை இன்ஜினியரிங் படிக்கும் நான் அறியாதவன் இல்லை. பசியில் மறந்துவிட்டேன். ஸ்விட்சைத் தட்டினேன், அடியில் ‘டப்’ என்றது, கருகிய ரப்பர் வாசனை வந்தது, அடுக்களை விளக்கும் சேர்ந்து அணைந்தது. லேப்டாப், போன் சார்ஜரில் 100–240 என்று போட்டிருக்கும், அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. சூடாக்கும் சாமான் எதையும் அமெரிக்காவிலிருந்து கொண்டுபோகாதீர்கள். அடுப்பில் வைக்கும் சின்ன பிரஷர் குக்கர் கொண்டுபோங்கள். பருப்பு, வெண்டைக்காய், நல்ல அரிசி எல்லாம் நொய்கெல்னில் ஸொன்னன்அல்லே தெருவின் அரபுக் கடைகளில் கிடைக்கும்.

ஆன்மெல்டுங் என்னும் பூதம்

போனதும் செய்ய வேண்டிய முதல் வேலை முகவரிப் பதிவு. அதற்கு ‘ஆன்மெல்டுங்’ என்று பேர். குடிபுகுந்த பதினாலு நாளுக்குள் செய்ய வேண்டும் என்பது விதி. வங்கி, தங்கும் அனுமதி எல்லாமே அந்த ஒரு தாளைக் கேட்கும். பதிவுக்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட உறுதிக் கடிதம் வேண்டும். அறை பேசும்போதே அதைத் தருவார்களா என்று கேளுங்கள். தர மாட்டோம் என்றால் வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த அறை வேண்டாம்.

பதிவு செய்யும் அலுவலகம் ப்யூர்கர்அம்ட். நேரம் முன்பதிவு செய்துகொண்டுதான் போக முடியும். பெர்லினில் அந்த நேரம் கிடைப்பது தீபாவளிக்கு ரயில் டிக்கெட் கிடைக்கிற மாதிரி. எனக்கு 04.05. அன்று கிடைத்தது. சந்தோஷமாக ஏப்ரல் 5ஆம் தேதி காலை எட்டு மணிக்கே போய் நின்றேன். வாசலில் இருந்தவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் மே மாதத்தைத் திருப்பிக் காட்டினார். நாள் முதலில், மாதம் அப்புறம். கோவில்பட்டியில் ஸ்லேட்டில் எழுதிப் பழகிய கணக்குதான். ஒன்பது வருட ஓஹையோ அதைத் தலைகீழாக்கிவிட்டிருந்தது.

ஒரு தந்திரம் உண்டு. உங்கள் பகுதி அலுவலகம்தான் என்றில்லை, நகரத்தின் எந்த ப்யூர்கர்அம்ட்டிலும் பதிவு செய்யலாம். யாராவது ரத்து செய்யும் இடங்கள் காலையில் இணையதளத்தில் தென்படும். எட்டு மணிக்குக் காபியோடு உட்கார்ந்து பக்கத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள், நகரத்தின் மறுகோடியில் மார்ட்ஸானில் ஏப்ரல் 18 கிடைத்தது. பதினாலு நாள் தாண்டிவிட்டதே என்று பயந்தேன், யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இருந்தாலும் முயற்சி செய்ததற்கு அத்தாட்சியாக முன்பதிவு மின்னஞ்சலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். படிவத்தில் மதம் கேட்டு ஒரு கட்டம் இருக்கும். கிறிஸ்தவர்கள் அங்கே தங்கள் சபையை எழுதினால், சம்பாதிக்கத் தொடங்கும்போது வருமான வரியோடு சபை வரியும் சேரும். பெர்லினில் அது வருமான வரியில் 9 சதவீதம். பதிவு முடிந்து சில வாரத்தில் வானொலி-தொலைக்காட்சிக் கட்டணம் என்று ஒரு கடிதம் வரும், மோசடி என்று கிழித்துப் போடாதீர்கள். வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. வீட்டில் ஒருவர் கட்டினால் போதும்.

வகுப்பு

ஏப்ரல் 17, முதல் வகுப்பு பத்து மணி. பத்துக்குப் பத்து நிமிடம் முன்பே போனேன், கூடத்தில் ஈ, காக்கை இல்லை. பத்தேகாலுக்குப் பேராசிரியரும் நூறு பேரும் சேர்ந்தாற்போல் நுழைந்தார்கள். அட்டவணையில் நேரத்துக்குப் பக்கத்தில் சி.டி. என்று இருந்தால் கால் மணி தள்ளி, எஸ்.டி. என்று இருந்தால் சொன்ன நேரத்துக்கு. ரயில் ரெண்டு நிமிடம் தாமதித்தாலே முணுமுணுக்கிறவர்கள் பல்கலைக்கழகத்துக்குள் மட்டும் இந்தக் கால் மணியைப் பரம்பரைச் சொத்து மாதிரி வைத்திருக்கிறார்கள். வகுப்பு முடிந்ததும் எல்லாரும் விரல் முட்டியால் மேசையைத் தட்டினார்கள். கோபமாக்கும் என்று நினைத்தேன். அது கைதட்டல்.

வாராவாரம் வீட்டுப்பாடம், வினாத்தாள், வருகைப் பதிவு என்று அமெரிக்காவில் நம்மைத் துரத்துவார்களே, அதெல்லாம் என் வகுப்புகளில் இல்லை. கடைசியில் ஒரே தேர்வு. ஆகா, சொர்க்கம் என்று ஜூன் வரை இருந்துவிடாதீர்கள். முக்கியமாக, வகுப்பில் சேர்ந்ததும் தேர்வுக்குப் பெயர் கொடுத்ததாக ஆகாது. அதற்குத் தனிப் பதிவு, தனிக் கடைசித் தேதி. எனக்கு ஒரு பாடத்தில் அந்தத் தேதிக்கு முந்தைய நாள்தான் தெரிந்தது. மதிப்பெண் 1.0 என்றால் உச்சம், 5.0 என்றால் தோல்வி. “தெர்மோடைனமிக்ஸ்ல 1.3 வந்திருக்கும்மா” என்று சொன்னபோது போனின் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் அப்பாவிடம் கொடுத்துவிட்டாள். அமெரிக்கக் கணக்கில் அது ஏ என்று அப்பாவுக்குப் புரியவைக்க அரை மணி ஆனது. வீட்டாரை முன்பே தயார்ப்படுத்துங்கள். பாடங்களுக்கு உங்கள் கல்லூரி எத்தனை கிரெடிட் தரும் என்பதையும் போகும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். பொதுவாக அவர்களுடைய ரெண்டு, நம்முடைய ஒன்று.

எரிச்சல் நோட்டு

நான் செய்ததில் உருப்படியான ஒரே காரியம் இது. எரிச்சல் வந்ததை எல்லாம் தேதி போட்டு ஒரு சின்ன நோட்டில் எழுதிவைத்தேன். மூன்று வாரம் கழித்துத்தான் திருப்பிப் படிப்பது என்று எனக்கு நானே ஒப்பந்தம். சில வரிகளை அப்படியே தருகிறேன்.

“மார்ச் 29. ஹோட்டலில் தண்ணீருக்குக் காசு. அதிலும் கேஸ் தண்ணீர்.”

“ஏப். 1. யூ-பானில் என்னைப் பார்த்து ஒருவர் உதட்டில் விரல் வைத்தார். நான் சாதாரணமாகத்தான் பேசினேன்.”

“ஏப். 3. அபராதம் 60 யூரோ. டிக்கெட் இருந்தும்!”

“ஏப். 9. கிழவி ஜன்னலைத் திறந்து கத்தினாள்.”

அறுபது யூரோ என் தப்புதான். அங்கே ஸ்டேஷனில் கதவு, தடுப்பு எதுவும் கிடையாது. நம்பி உள்ளே விடுவார்கள். காகித டிக்கெட் வாங்கினால் நடைமேடையில் நிற்கும் சின்னப் பெட்டியில் நுழைத்து முத்திரை குத்த வேண்டும். குத்தாத டிக்கெட் வெறும் காகிதம். பரிசோதகர்கள் சாதாரண உடையில் வருவார்கள், விளக்கம் கேட்க மாட்டார்கள். செமஸ்டர் கட்டணத்தோடு பயண அட்டை கைக்கு வரும் வரை இதை மறக்காதீர்கள்.

ஏப்ரல் 9 ஈஸ்டர் ஞாயிறு. பிற்பகல் மூன்று மணிக்குச் சும்மா இருக்கப் பிடிக்காமல், அடுக்களையில் சேர்ந்திருந்த ஜாம், சாஸ் பாட்டில்களைத் தெருமுனைக் கண்ணாடித் தொட்டியில் போடப் போனேன். நிறம் பார்த்துப் பிரித்துத்தான் போட்டேன். ஒவ்வொன்றும் விழுந்து உடையும் சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. நாலாவது பாட்டிலில் இரண்டாவது மாடி ஜன்னல் திறந்தது. “ஹாய்ட்ட இஸ்ட் ஸொன்டாக்!” இன்னைக்கு ஞாயிற்றுக்கிழமை! என் ஜெர்மனில் அந்த நேரம் நன்றாகப் புரிந்த ஒரே வாக்கியம். மிச்சப் பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தேன். தொட்டியில் அனுமதி நேரம் கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்ததை மறுநாள்தான் பார்த்தேன். மே மாதம் அதே அம்மாள் மாடிப்படியில் என்னை நிறுத்தி, தோட்டத்தில் விளைந்தது என்று ரூபார்ப் தண்டு ஒரு கட்டுக் கொடுத்தார். ஜெர்மன்காரர்கள் அதில் சர்க்கரை கொட்டிக் கேக் செய்கிறார்கள். எனக்கு அதன் புளிப்பு புளிச்சக்கீரையை ஞாபகப்படுத்தியது. கடுகு, வெந்தயம், வரமிளகாய் தாளித்துத் தொக்கு வைத்துவிட்டேன்.

மூன்றாம் வாரம் நோட்டைப் படித்தபோது பாதி வரிகளை அடித்துவிட்டேன். தண்ணீர் விஷயத்தை அடிக்கவில்லை. இன்றைக்கும் அது அநியாயம்தான்.

அடிக்காமல் விட்ட இன்னொன்று: “எங்கிருந்து வருகிறாய்?” “ஓஹையோ.” “இல்லை, நிஜமாக?” இது வாரத்துக்கு ரெண்டு தடவை வரும். உங்கள் பிள்ளைக்கும் வரும். சத்தமாகப் பேசுவதால் அமெரிக்கன் என்று முகம் சுளிப்பார்கள், அமெரிக்கன் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். சண்டை போடத் தேவையில்லை. “நிஜமாக ஓஹையோ” என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டு அவர்களையும் அதே கேள்வி கேளுங்கள்.

ஏப்ரல் 14 சித்திரை ஒன்று, வெள்ளிக்கிழமை. யூ7இல் ப்ளாஷ்கோஅல்லே ஸ்டேஷனில் இறங்கினால் நடக்கிற தூரத்தில் மயூரபதி முருகன் கோவில் இருக்கிறது, பெர்லின் ஈழத்தமிழர்கள் கட்டியது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஓர் அம்மா கேட்டுவிட்டார்.

“தம்பி எவ்விடம்?”

“ஓஹையோங்க. அமெரிக்கா.”

“அது சரி. ஊர்?”

“கோவில்பட்டி.”

அவ்வளவு நாள் எரிச்சல் மூட்டிய அதே கேள்விதான். இங்கே கேட்டபோது தொண்டையை அடைத்தது. ஏன் என்று இன்னும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

வாழையிலை மாதிரி அச்சடித்த காகிதத் தட்டில் புக்கை போட்டுக் கொடுத்தார். சர்க்கரைப் பொங்கலை அவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். சாப்பிட்டுக்கொண்டே ஞாயிற்றுக்கிழமைக் கடைகளைப் பற்றிப் புலம்பினேன், ஃப்ரீட்ரிஷ்ட்ராஸ வரை ரொட்டிக்கு அலைந்ததைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

“அந்த ஸ்டேஷனாலதான் தம்பி நாங்கள் எண்பத்து நாலில வந்தனாங்கள்.”

பெர்லினைக் கிழக்கு, மேற்கு என்று பிரித்த சுவர் இருந்த காலம். மேற்கு ஜெர்மனிக்கு நேராக வந்து இறங்க முடியாதவர்கள் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, கிழக்கின் கடவுக் காகிதத்தோடு ரயிலேறி, ஃப்ரீட்ரிஷ்ட்ராஸவில் மேற்குப் பக்கத்துக்குக் கடந்துவிடுவார்கள். அந்தப் பிரிவை எல்லையாகவே ஒப்புக்கொள்ளாத மேற்கு, தன் பக்கத்தில் பாஸ்போர்ட் பரிசோதனை வைத்திருக்கவில்லை. ஈழத்தமிழர்கள் பலர் அப்படி வந்தார்கள். “ஒரு பை, ரெண்டு சீலை, ஏப்ரல் குளிர். கடை பூட்டோ திறப்போ ஆருக்குத் தெரியும்?” என்றார்.

அந்த ஞாயிறு வீட்டில் பால் இருந்தது. இருந்தும் ஃப்ரீட்ரிஷ்ட்ராஸ போனேன். ஸ்டேஷனை ஒட்டிக் கண்ணாடிக் கூடம் ஒன்று இருக்கிறது, ட்ரேனன்பலாஸ்ட், கண்ணீர் மாளிகை. கிழக்கிலிருந்து மேற்குக்குப் போகிறவர்களைச் சொந்தக்காரர்கள் வழியனுப்பிய இடம், இப்போது அருங்காட்சியகம். உள்ளே பழைய பாஸ்போர்ட் கூண்டு ஒன்றை அப்படியே வைத்திருக்கிறார்கள். பையோடு ஓர் ஆள் ஒடுங்கித்தான் நுழைய முடியும். அனுமதி இலவசம், திங்கட்கிழமை விடுமுறை. ஞாயிறு திறந்திருக்கும்.